ஷிஃப்டிங் பவுண்டரீஸ்

அமெரிக்காவின் நியூயார்க் நகர அரசுப் பள்ளிகளில் 6, 7ஆம் வகுப்பு மாணவர்களிடையே பாலியல் சீண்டலும் வன்முறையும் நடக்குமுன்பே தடுக்க வகுக்கப்பட்ட திட்டம். ஆய்வாளர்கள் புரூஸ் டெய்லரும் நேன் ஸ்டைனும் இதில் முன்னின்றனர்.

திட்டத்துக்கு இரண்டு பகுதிகள். முதலாவது, சட்டத்தையும் பிறர் எல்லையை மதிப்பதையும் பற்றிய ஆறு வகுப்புகள், பழகிய வழிதான். புதுமை இரண்டாவதில் இருந்தது. பள்ளிக் கட்டடத்தின் வரைபடத்தை மாணவர்களிடமே கொடுத்து, பயமில்லாத இடம் எது, போகவே தயங்கும் இடம் எது என்று வண்ணம் தீட்டச் சொன்னார்கள். நடைவழி, படிக்கட்டு, உணவுக்கூடம் என்று பெரியவர்கள் நாள்தோறும் கடந்துபோகும் இடங்களைப் பிள்ளைகளின் கண்ணால் பார்க்க வைத்தது இந்தத் தாள். பலரும் அஞ்சிய இடங்களில் ஆசிரியர், காவலர் நடமாட்டம் கூட்டப்பட்டது. சீண்டியவரை விலகியிருக்கச் செய்யும் எழுத்து ஒப்பந்தங்களும், புகார் சொல்லத் தூண்டும் சுவரொட்டிகளும் சேர்ந்தன.

30 பள்ளிகளைக் குலுக்கல் முறையில் நான்கு பிரிவாக்கிச் சோதித்தனர். வகுப்புகள் மட்டும் நடந்த பள்ளிகளில் வன்முறை குறையவில்லை.

கட்டடப் பகுதியோ தனியாகவும் வகுப்புகளோடு சேர்ந்தும் பலன் தந்தது. செலவு குறைந்த வழி இதுவே என்பது போதனையில் பெருநம்பிக்கை வைப்பவர்களுக்குச் சற்று உறுத்தும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, பயனளித்த தடுப்பு முறைகளில் ஒன்றாக இதைக் குறிப்பிடுகிறது.