இல்லாத புனிதரும் இருந்த சுனையும்: ஹிர்டா ‘செயின்ட் கில்டா’ ஆன வரலாறு

1930 ஆகஸ்ட் 29 அன்று ஹேர்பெல் என்னும் போர்க்கப்பலில் ஏறி ஊரைக் காலி செய்த கடைசி 36 பேரும் தம் தீவைக் கேலிக் மொழியில் ‘ஹிர்ட்’ என்றே அழைத்து வந்தவர்கள். அவர்களை அழைத்துப்போன அரசும், செய்தி வெளியிட்ட நாளேடுகளும், அதற்கு முந்தைய இருநூறு ஆண்டுகளில் அத்தீவைப் பற்றி எழுதப்பட்ட நூல்களில் பெரும்பாலானவையும் அதே தீவை ‘செயின்ட் கில்டா’ என்றன. கில்டா என்று ஒரு புனிதர் எந்தத் திருச்சபைப் பட்டியலிலும் இல்லை. ஸ்காட்லாந்தின் வடக்கு யூஸ்ட் தீவுக்கு மேற்கே ஏறத்தாழ 64 கிலோமீட்டர் தொலைவில் அட்லாண்டிக் பெருங்கடல் நடுவே நிற்கும் ஒரு பாறைக்கூட்டத்தின்மேல் இல்லாத ஒருவரின் பெயர் எப்படி ஏறி அமர்ந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பலரும் எடுத்தாளும் விடை டேவிட் குவைன் 2000-இல் வெளியிட்ட நூலில் உள்ளது. அவர் கருதுகோள் இது: பழைய ஐஸ்லாந்து மொழியில் ‘ஸ்கில்டிர்’ என்றால் கேடயங்கள். அச்சொல் நிக்கோலா த நிக்கோலே 1583-இல் வெளியிட்ட கடல்வழிப் படத்தில் ‘ஸ்கில்டார்’ என்று வருகிறது. 1592-இல் டச்சுக்காரர் லூக்காஸ் வாகெனார் தம் படங்களில் அதைப் பெயர்த்தெழுதியபோது ஈற்றில் இருந்த ‘ஆர்’ உதிர்ந்தது. முதலெழுத்தான ‘எஸ்’-க்குப் பின் ஒரு புள்ளி விழுந்தது. ‘எஸ். கில்டா’ பிறந்தது. எஸ்-க்குப் பின் புள்ளி வந்தால் ‘புனித’ என்பதன் சுருக்கம் என்று எடுத்துக்கொள்வது கடற்படங்களைப் படிப்பவர்க்கு இயல்பு. பின்வந்தோர் சுருக்கத்தை விரித்தனர். ‘செயின்ட் கில்டா’ நிலைபெற்றது.

மூலபாட ஆய்வில் பழகிய எவருக்கும் இந்த விளக்கம் உடனே பிடித்துப்போகும். ஏடெழுதுவோர் பிழை என்று நாம் சொல்லும் வகைக்கு இதைவிட அழகான சான்று கிடைக்காது. அக்காலக் கடற்படங்கள் செப்புத்தகட்டில் வெட்டப்பட்டவை. செதுக்குபவர் எழுத்துகளை வலமிடமாகத் திருப்பி வெட்டவேண்டும். தான் பார்த்திராத நாட்டின், தனக்குத் தெரியாத மொழிப் பெயர்களை அப்படி வெட்டும் கையில் ஒரு புள்ளி கூடுவதும் ஓர் எழுத்துக் குறைவதும் வியப்பன்று. குவைன் காட்டும் முதல் கண்ணியை நானும் ஏற்கிறேன். ஸ்கில்டார் என்ற வடிவம் இல்லாமல் இந்தப் பெயரின் தோற்றத்தை விளக்க முடியாது. நான் மறுப்பது அதன்பின் உள்ளதை. ஒரு புள்ளியும் ஓர் எழுத்தும் சேர்ந்து ஒரு புனிதரைப் பிறப்பித்து, நூறாண்டு காப்பாற்றி, உலகெங்கும் கொண்டுசென்றன என்பதை நம்புவது கடினம்.

முதலில் நிலத்தோற்றம். கேடயம் என்ற பெயர் எத்தகைய தீவுக்குப் பொருந்தும்? கடல்மேல் கவிழ்த்துப் போட்டாற்போல் தாழ்ந்து கிடக்கும் தீவுக்கு. ஹிர்டாவில் கோனகேர் குன்று 430 மீட்டர் உயர்ந்து, வடபுறம் செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குகிறது. பக்கத்தில் போரரே 384 மீட்டர். அதை அடுத்துக் கடலிலிருந்து நேராக எழும் ஸ்டாக் அன் ஆர்மின் 196 மீட்டர், ஸ்டாக் லீ 172 மீட்டர். கேனட் பறவைகள் அடைகாக்கும் பருவத்தில் இப்பாறைகள் தொலைவிலிருந்து வெள்ளையடித்தவை போல் தெரியும். நெருங்கினால் அந்த வெண்மை அசையும். அதில் பாதி பறவை, பாதி எச்சம். இந்தக் கூர்முனைகளைக் கண்ட எந்த மாலுமிக்கும் கேடயம் நினைவுக்கு வந்திராது.

உண்மையில் நார்ஸ் மாலுமிகளுக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது போலும். 1202-இல் ஆயர் பட்டம் பெற நார்வே நோக்கிப் புறப்பட்ட குட்முண்டுர் அராசன் புயலில் திசைமாறி ஒதுங்கிய தீவுகளை ஐஸ்லாந்து நூல் ‘ஹிர்டிர்’ என்கிறது. (1202 என்பது பயணத்தின் ஆண்டு, நூல் அதற்குப் பிந்தியது.) ஹிர்டிர் என்பது கலைமான்கள் என்று பொருள்படும் பன்மை வடிவம். மான் கொம்புகளைப் போல் கிளைத்து நிற்கும் பாறைகளுக்கு அது பொருந்துகிறது.

அப்படியானால் கேடயப் பெயர் யாருடையது? வடக்கு யூஸ்டுக்கு மேற்கு வடமேற்கே 13 கிலோமீட்டரில் ஹாஸ்கேர் என்ற சிறு தீவு உண்டு. அதன் உச்சி 40 மீட்டரைக்கூட எட்டாது. ஸ்கில்டார் அதன் பெயராக இருந்து, படத்திலிருந்து படத்துக்குப் போகையில் மேற்கே நகர்ந்து ஹிர்டாவின்மேல் விழுந்தது என்ற கருத்து எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது. ஆனால் அதை ஏற்றால் குவைனின் சங்கிலி கனக்கிறது. எழுத்து உதிர்ந்தது, புள்ளி முளைத்தது, பெயரே இடம்பெயர்ந்தது என மூன்று பிழைகள் ஒரே பெயரில் ஒன்றன்பின் ஒன்றாக நிகழவேண்டும். அவற்றை ஒருவரும் திருத்தாமலும் இருக்கவேண்டும்.

இனி நான் நின்று பார்க்க விரும்பும் பாடபேதம். 1697-இல் ஹிர்டாவுக்குச் சென்ற மார்ட்டின் மார்ட்டின் மறு ஆண்டு லண்டனில் தம் பயண நூலை அச்சிட்டார். ஃபுல்மார் என்ற கடற்பறவையின் எண்ணெய், பாறையேறும் கயிறு, கேர்ஃபௌல் என்ற பறக்காத பெரும்பறவை எனத் தீவின் வாழ்க்கையையும் உயிர்களையும் அறிய வருபவர்கள் இந்நூலை அப்பக்கங்களுக்காகப் புரட்டுவார்கள். தொடக்கத்தில் அவர் தீவின் பெயர்களை வரிசைப்படுத்தும் சிறு பத்தியைத் தாண்டிப் போய்விடுவார்கள். அங்கே அவர் சொல்வதன் சாரம்: தீவினரும் மேலைத்தீவினர் அனைவரும் இதை ஹிர்ட் என்பர், வரலாற்றாசிரியர் புக்கானன் ஹிர்டா என்பார், கப்பல்காரர் எல்லோரும் செயின்ட் கில்டா என்பர், கடற்படங்களிலோ செயின்ட் கில்டர் என்றிருக்கிறது. அதற்குச் சான்றாகப் பீட்டர் கோஸ் ஆம்ஸ்டர்டாமில் 1663-இல் வெளியிட்ட டச்சுப் படத்தைப் பெயர் சொல்லிக் காட்டுகிறார்.

கப்பல்காரர் வாயில் கில்டா, படத்தில் கில்டர். குவைன் 1592-இல் உதிர்ந்துவிட்டது என்ற அந்த ‘ஆர்’, 71 ஆண்டுகளுக்குப் பின் டச்சுப் படத்தில் உயிரோடு நிற்கிறது! ஸ்கில்டார் என்ற மூலத்தின் ஈறு வாகெனாரோடு முடியவில்லை. அல்லது வாகெனாரைச் சாராத இன்னொரு படமரபில் அது தொடர்ந்து வந்தது. எப்படிப் பார்த்தாலும் ஒரே படத்தின் ஒரே பிழை என்ற எளிய கதை குலைகிறது.

இதைவிட முக்கியமான ஒன்று அதே நூலில் இருக்கிறது. கில்டர் என்ற ஒருவர் இத்தீவில் வாழ்ந்தார், அவரால் தீவுக்கும் ‘டோபர் கில்டா’ என்ற பெரிய சுனைக்கும் பெயர் வந்தது என்கிறார் மார்ட்டின். ஆளின் பெயரில் ‘ஆர்’ இருக்கிறது. அவரால் பெயர்பெற்றதாகச் சொல்லப்படும் சுனையின் பெயரில் இல்லை. கில்டர் என்ற மனிதரைத் தீவின் வாய்மொழி மரபு மார்ட்டினுக்குச் சொல்லியிருந்தால், சுனையிலும் அதே ஈற்றொலி இருந்திருக்க வேண்டும். ஆகவே அந்த மனிதர் தீவில் பிறந்தவர் அல்லர். கோஸின் படத்தில் கண்ட பெயருக்கும் தீவில் கேட்ட பெயருக்கும் உறவு கற்பிக்க மார்ட்டின் இட்ட பாலமே அவர் என்பது என் முடிவு. இதற்கு ஒரு தடையையும் சொல்லிவிட வேண்டும். மார்ட்டின் கோஸின் பெயரையே ‘கோவாஸ்’ என்று எழுதுகிறார். வெளியிட்டவர் பெயரில் தவறியவர் தீவின் பெயரில் மட்டும் எழுத்துப் பிசகாமல் பெயர்த்தார் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆயினும் ஒரே பத்தியில் கில்டாவையும் கில்டரையும் பிரித்து, ஒன்று வாயில், மற்றது படத்தில் என்று அவரே வேறுபடுத்துகிறார். கைப்பிழையாக எழுதுபவர் அப்படி வேறுபடுத்திக் காட்டமாட்டார்.

இன்னொரு சான்று. ராயல் சொசைட்டியின் நிறுவனர்களுள் ஒருவரான சர் ராபர்ட் மோரே எழுதிய குறிப்பு, அவர் இறந்தபின் 1678-இல் அச்சங்கத்தின் இதழில் வந்தது. அதன் தலைப்பு ‘ஹிர்டா தீவின் வருணனை’ என்பதே. கடற்படங்களில் எஸ். கில்டா தோன்றி 86 ஆண்டுகள் ஆகியும் லண்டன் அறிஞர்களின் இதழில் வந்த இத்தலைப்பில் அப்பெயர் இல்லை. இருபதே ஆண்டுகள் கழித்து மார்ட்டின் நூலின் முகப்பில் செயின்ட் கில்டா வருகிறது. ஸ்கை தீவில் பிறந்தவர், கேலிக்கைத் தாய்மொழியாகக் கொண்டவர், தம் மக்கள் ஹிர்ட் என்பதை அறிந்தவர். அவரே கப்பல்காரர் பெயரைத் தேர்ந்தார். லண்டன் வாசகர்க்கு அது பழகிய பெயர் என்று பதிப்பாளர் கருதியிருக்கலாம். பெயரை நிலைநிறுத்தியது இந்த நூல்முகப்பு.

ஆனால் 1592-க்கும் 1697-க்கும் இடையில் கப்பல்காரர் வாயில் அது ஏன் பிழைத்திருந்தது? சான்று மிகக் குறைந்த இடம் இதுதான். அதனாலேயே இங்கு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. டோபர் கில்டா என்பதில் முன்சொல் கேலிக், பொருள் சுனை. பின்சொல் நார்ஸ் ‘கெல்டா’. அதற்கும் பொருள் சுனை. நார்ஸ் மொழி தீவில் மறைந்தபின் பின்சொல்லின் பொருள் மறந்து, அது வெறும் பெயராக எஞ்சியது. கேலிக் பேசும் நாட்டில் டோபர் என்ற சொல்லைத் தொடர்ந்து ஒரு பெயர் வந்தால், காது அங்கே ஒரு புனிதரை எதிர்பார்க்கும். மல் தீவின் டோபர்மோரி ‘மரியாளின் சுனை’ என்பதற்குமேல் இதற்கு எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. கிராமக் குடாவில் நங்கூரமிட்டுக் குடிநீருக்கு இறங்கும் மாலுமி கேட்டிருக்கக்கூடிய முதற்சொற்களுள் ஒன்று அந்தச் சுனையின் பெயர். கையில் உள்ள படம் எஸ். கில்டா என்கிறது, கரையில் கில்டாவின் சுனை இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று மெய்ப்பித்தன. படப்பிழையைத் திருத்த வேண்டிய நிலமே அதற்குச் சாட்சி சொன்னது.

தீவினரின் ஒலிப்பும் கைகொடுத்திருக்கும். அவர்கள் ‘ர’கரத்தை ‘ல’கரமாக ஒலித்து ஹிர்டாவை ‘ஹில்டா’ என்றனர் என்று சார்ல்ஸ் மக்லீன் எழுதுகிறார். அவர்களின் ‘ஹ’ தொண்டையில் உராய்ந்து ‘கில்டா’ என்பதை ஏறத்தாழ ஒத்திருந்தது என்கிறார் டாம் ஸ்டீல். இவை பிற்காலச் செவிச்சான்றுகள். பதினாறாம் நூற்றாண்டுக்கு அப்படியே பின்னோக்கி நீட்டக்கூடாது. ஆகவே இதை நான் துணைச்சான்றாக மட்டுமே வைக்கிறேன்.

தீவினர் தாமே அந்தப் புனிதரை நம்பினார்களா? இல்லை என்பதற்கு மார்ட்டினே சான்று. அவர் கண்ட கோயில்கள் மூன்று: கிறிஸ்துவுக்கு ஒன்று, கொலும்பாவுக்கு ஒன்று, பிரெண்டனுக்கு ஒன்று. சுமார் 180 பேர் வாழ்ந்த சிற்றூரில் மூன்று கோயில் இருந்தும் கில்டாவுக்கு ஒன்றும் இல்லை. தீவின் பெயரையே தாங்கிய புனிதர் உண்மையில் இருந்திருந்தால் இப்படி நடக்குமா?

ஆண்டுகளைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்த நான் முயலவில்லை. நிக்கோலேயின் படம் 1583-இல் அச்சானாலும், ஐந்தாம் ஜேம்ஸ் மன்னன் 1540-இல் ஸ்காட்லாந்தைச் சுற்றிவந்தபோது மாலுமி அலெக்சாண்டர் லிண்ட்சே தொகுத்த குறிப்புகளை அடிப்படையாகக் கொண்டது. ஸ்கில்டார் என்ற வடிவத்துக்கு எந்த ஆண்டைக் கொடுப்பது? 1588-இன் படமொன்றில் ‘கில்டா’ இருக்கிறது என்கிறார் மக்லீன். அது சரியானால் வாகெனாரின் புள்ளிக்கு நான்கு ஆண்டுகள் முன்பே, புள்ளியின் உதவியின்றியே, கில்டா பிறந்துவிட்டது. முழுப்பெயர் முதலில் தோன்றுவது 1666-இன் டச்சுப் படத்தில் என்கிறார் ஹேமிஷ் ஹாஸ்வெல்-ஸ்மித். மார்ட்டின் காட்டுவதோ 1663. கோஸின் படங்கள் பல பதிப்பு கண்டவை. இரு ஆண்டுகளும் ஒரே படத்தின் இரு பதிப்புகளைச் சுட்டக்கூடும். இந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை.

தமிழில் இத்தீவைப் பற்றி எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். ‘புனித கில்டா’ என்று மொழிபெயர்க்க வேண்டாம். வாகெனாரின் படத்தில் விழுந்த புள்ளியை நாமும் ஒருமுறை நம் எழுத்தில் வெட்டுவதாக ஆகிவிடும். ஹிர்டா என்று எழுதுங்கள். அங்கே வாழ்ந்தவர்கள் சொன்ன ‘ஹிர்ட்’ என்பதை ஒட்டிய பெயர் அதுதான்.