கணக்கில் பிறந்த தலை

ஆசிரியர் மாணவனுக்கு ஒரு கணக்குக் கொடுக்கிறார். அதன் விடை அவருக்கு முன்பே தெரியும். அதனாலன்றோ, மாணவன் எழுதியது சரியா தவறா என அவரால் தீர்ப்புக் கூற முடிகிறது! விடை எவருக்குமே தெரியாத கணக்கை ஒரு கருவி செய்து தருகிறது. அதை நம்பி ஒரு மனிதனின் மண்டையோட்டைத் திறக்க வேண்டும் என்றால் என் செய்வது? இவ்வினாவுக்கு அறிவியலாளர் கண்ட விடை, நாம் அனைவரும் அறியத்தக்கது.

1895ஆம் ஆண்டில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். உடலுக்குள் இருக்கும் எலும்பின் நிழல் படத்தில் விழுந்தது. ஆயினும் நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன. மண்டையோட்டின் அடர்ந்த நிழலில் மூளை மறைந்துபோயிற்று. பல திசைகளிலிருந்து நிழல்களை எடுத்தால், அவற்றைக் கொண்டு உள்ளுருவைக் கணித்துவிடலாம் என்பதற்கான கணிதத்தை 1917ஆம் ஆண்டிலேயே ராடன் என்னும் ஆஸ்திரியர் நிறுவியிருந்தார். அதை நடைமுறைக்குக் கொண்டுவரக் காலம் பிடித்தது.

1957ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த கார்மாக், மரவளையம் சூழ்ந்த அலுமினிய வட்டு ஒன்றைச் சோதனைப் பொருளாகக் கொண்டார். கணக்கின் முடிவில், வட்டின் நடுவே அவர் எதிர்பாராத ஒரு மாறுபாடு தென்பட்டது. பிழை கணக்கில் இல்லை! வட்டைச் செய்தவர் அதன் நடுவே தூய அலுமினிய முளை ஒன்றைப் பதித்திருந்தார். கார்மாக்குக்கு அது தெரியாது. கையால் செய்த பொருளும் தன் உள்ளடக்கத்தை முழுமையாகச் சொல்லிவிடுவதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

1971ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய கருவி இலண்டன் மருத்துவமனை ஒன்றில் முதல் நோயாளியின் தலையைப் படம் பிடித்தது. 180 கோணங்கள், கோணத்திற்கு 160 அளவீடுகள், ஆக 28,800 எண்களிலிருந்து ஒரு குறுக்குவெட்டுப் படம் பிறந்தது. படம் காட்டிய கட்டியை அறுவை மருத்துவம் உறுதி செய்தது. ஆனால், படத்தைச் சரிபார்ப்பதற்காக எல்லாத் தலைகளையும் திறந்து பார்க்க இயலுமா?

அதே ஆண்டில், சென்னைப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ஜி. என். இராமச்சந்திரன், இலட்சுமிநாராயணனுடன் இணைந்து ஒரு கணிப்பு முறையை வெளியிட்டார். ஒவ்வொரு நிழலையும் ஒரு கணித வடிப்பானில் இட்டுக் கூர்மையாக்கி, அது வந்த வழியே திரும்பப் பரப்பிக் கூட்டும் எளிய முறை அது. அவ்விருவர் பெயரின் சுருக்கமாக 'ராம்-லாக்' என்றே அவ்வடிப்பான் உலகெங்கும் வழங்குகிறது.

இனி, எந்த முறை உண்மையைச் சொல்லும்? 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஷெப், லோகன் ஆகிய இருவரும் உலகில் இல்லாத தலை ஒன்றைப் படைத்தனர். பத்து நீள்வட்டங்களே அத்தலை. மண்டையோட்டின் அடர்த்தி 2, மூளை 1.02, கட்டி 1.03. எக்ஸ் கதிர்க் கற்றைகள் அதனூடே சென்றால் எவ்வளவு குறையும் என்பதைக் கணிப்பொறியே கணக்கிட்டது. அந்நிழல்களைக் கணிப்பு முறைகளிடம் கொடுத்தனர். நூற்றில் ஒரு பங்கே வேறுபடும் கட்டியை எம்முறை காட்டுகிறது, இல்லாத கறையை எம்முறை புனைகிறது என்பதெல்லாம் வெளிப்பட்டன. விடை முன்பே தெரிந்த வினாவன்றோ அது! இன்றும் புதிய கணிப்பு முறைகளைச் சோதிக்க அத்தலை பயன்படுகிறது.

எனினும், ஒத்திகை நாடகமாகிவிடாது. மெய்யான கதிர்கள் சிதறுகின்றன. பல ஆற்றல்களில் வருகின்றன. எண்ணிக்கையில் தற்செயலாய் ஏறி இறங்குகின்றன. நீள்வட்டத் தலைக்கு இவை தெரியா. ஆகவே, ஒவ்வொரு கதிர்த்துகளின் பயணத்தையும் தற்செயல் எண்களால் பின்தொடரும் நிரல்களும் பயன்படுகின்றன. அவற்றையும் மெய்ச் சோதனையோடு ஒப்பிட்ட பின்னரே நம்புகின்றனர்.

1979ஆம் ஆண்டில் கார்மாக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டும் நோபல் பரிசு பெற்றனர். இல்லாத அத்தலைக்குப் பரிசு இல்லை. ஆயினும், உயிருள்ள தலையைப் பற்றி ஒரு கருவி பேசும்போது, அதன் சொல்லை எந்த அளவுக்கு நம்பலாம் என்று நமக்குக் கற்பித்தது அதுவே. தெரிந்ததில் தேறாத கருவியைத் தெரியாததில் நம்பலாகாது. மாணவர்கள் மனத்தில் இருத்த வேண்டிய பாடமும் இதுவே.