கர்ப்பகால நீரிழிவு: இன்சுலினுக்குத் தயங்குவது ஏன்?

நோர்வேயில் கர்ப்பிணிகளுக்கான மருத்துவப் பரிசோதனைகள் இலவசமாகவே நடத்தப்படுகின்றன. இருந்தபோதிலும், கர்ப்பகால நீரிழிவுக்கு இன்சுலின் தேவை என்று கூறப்படும்போது குடியேறிய குடும்பங்கள் பல தயங்குகின்றன. அச்சம், மொழி, உணவு பற்றிய குழப்பம் ஆகியவை இதற்கு முக்கிய காரணங்கள்.

ஒஸ்லோ நகரின் கிழக்கே உள்ள ட்வெய்ட்டா, குரூருட்டாலன் எனப்படும் பள்ளத்தாக்கின் ஒரு பகுதி. தமிழர் உட்பட தெற்காசியர் கணிசமாக வாழும் இந்தப் பள்ளத்தாக்கின் நான்கு நகரப் பிரிவுகளில் ட்வெய்ட்டா அடங்கிய அல்னா தவிர்ந்த ஏனைய மூன்றில், 2008 முதல் 2010 வரை 823 கர்ப்பிணிகளிடம் ஆய்வு ஒன்று நடத்தப்பட்டது. 2012ல் வெளியான அதன் முடிவுகளின்படி, புதிய சர்வதேச அளவுகோலைச் சற்றே மாற்றிக் கணித்தபோது, மேற்கு ஐரோப்பியப் பெண்களில் 24 சதவீதத்தினருக்கும், சிறுபான்மை இனப் பெண்களில் 37 சதவீதத்தினருக்கும் கர்ப்பகால நீரிழிவு இருந்தது.

அச்சங்களும் உண்மையும்

இன்சுலின் என்றால் நோய் முற்றிவிட்டது என்பது தமிழ்க் குடும்பங்களில் வேரூன்றிய எண்ணம். பெற்றோரோ உறவினரோ பல ஆண்டு நீரிழிவுக்குப் பின்னர், கண் அல்லது சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நிலையில் ஊசிக்கு மாறியதைக் கண்டவர்களுக்கு அவ்வாறு தோன்றுவது இயல்பே.

கர்ப்பகாலத்தில் நிலைமை வேறு. நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. கர்ப்பம் வளர வளர மருந்தின் அளவு கூடுவதும் இதனாலேயே. பிரசவத்தில் நஞ்சுக்கொடி வெளியேறியதும் பெரும்பாலான பெண்களுக்கு ஊசி நிறுத்தப்படுகிறது.

குழந்தைக்குத் தீங்கு நேருமோ என்பது மற்றொரு அச்சம். தாயின் இரத்தத்திலுள்ள சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையைச் சென்றடைகிறது. ஊசியில் செலுத்தப்படும் இன்சுலின் குறிப்பிடத்தக்க அளவில் கடப்பதில்லை. வயிற்றில் குத்தப்படும் ஊசி சில மில்லிமீட்டர் நீளமே கொண்டது; அது தோலுக்கடியிலுள்ள கொழுப்பைத் தாண்டிக் கருப்பையை எட்டுவதில்லை.

கட்டுப்படுத்தப்படாத சர்க்கரையால்தான் ஆபத்து. குழந்தை அளவுக்கு மீறிப் பருக்கலாம், பிரசவம் சிக்கலாகலாம், பிறந்தவுடன் குழந்தையின் சர்க்கரை திடீரெனக் குறையலாம்.

பன்றி, மாடு ஆகியவற்றிலிருந்து இன்சுலின் எடுக்கப்பட்ட காலத்தில் சமய நம்பிக்கை சார்ந்த தயக்கமும் இருந்தது. 1980களிலிருந்து நுண்ணுயிர்களைக் கொண்டு மனித இன்சுலின் தயாரிக்கப்படுகிறது.

மொழியும் உணவும்

கர்ப்பகால நீரிழிவுள்ள பெண்களுக்காக ஒஸ்லோவில் உருவாக்கப்பட்டு, 2019ல் ஆய்வு முடிவுகள் வெளியான கைத்தொலைபேசிச் செயலி நோர்வேஜிய, உருது, சோமாலி மொழிகளில் அமைந்திருந்தது. அதில் தமிழ் இடம்பெறவில்லை. ரொட்டியை மையமாகக் கொண்ட உணவு ஆலோசனையைச் சோறு, இடியப்பம், புட்டு உண்ணும் குடும்பத்தினர் தாமே மாற்றிப் புரிந்துகொள்ள வேண்டியுள்ளது.

அளவுகளும் குழப்பம் தருகின்றன. உணவுக்கு முன் 5.3க்குக் குறைவாகவும், உணவுக்குப் பின் இரண்டு மணி நேரத்தில் 6.7க்குக் குறைவாகவும் சர்க்கரை இருக்க வேண்டும் என நோர்வே வழிகாட்டல் கூறுகிறது. தமிழகத்திலுள்ள உறவினருக்குப் பழக்கமான கணக்கில் இவை சுமார் 95, 120 ஆகும். நோர்வே எண்ணை 18ஆல் பெருக்கினால் மற்றையது கிடைக்கும்.

கணவரோ பிள்ளைகளோ மொழிபெயர்க்கும்போது பெண்ணின் அச்சங்கள் பேசப்படாமலே போகக்கூடும். 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள நோர்வே சட்டம், முறையான சேவை வழங்கத் தேவைப்படும் இடங்களில் பொது நிறுவனங்கள் மொழிபெயர்ப்பாளரைப் பயன்படுத்த வேண்டும் என்கிறது. பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதற்கும் தடை உண்டு. பரிசோதனைக்கு நேரம் குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை எனக் கேட்டுக்கொள்ளலாம்.

பிரசவத்துக்குப் பின்

ஊசி நின்றுவிட்டாலும் கவனம் நிற்கக் கூடாது. கர்ப்பகால நீரிழிவு ஏற்பட்டவர்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம். பிரசவத்துக்குச் சில மாதங்களின் பின்னரும், அதன்பின் ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். ஊசி நின்றதும் நோயும் போய்விட்டது எனக் கருதி இதைத் தவறவிடுவது, முதலில் ஊசியை மறுப்பதைப் போலவே பாதிப்பை ஏற்படுத்தக்கூடும்.