தலைக்காசும் ஒரு பென்னியும்: மெதடிஸ்ட் பொதுவிதிகளும் கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்ச் சபைத் தலைமையும்

ஜான் வெஸ்லி 1743இல் வெளியிட்ட பொதுவிதிகளை, தலைவர் தம்மைத் தாமே ஆளப் பழகுவதற்கான கையேடாகக் கொள்ளும் போக்கு மெதடிஸ்ட் ஆய்வுலகில் வலுவாக உள்ளது. தீமை செய்யாதிருத்தல், நன்மை செய்தல், கடவுள் நியமித்த அருள்வழிகளைக் கைக்கொள்ளுதல் என்னும் மூன்று தலைப்புகளையும் இப்போக்கினர் உள்மனப் பயிற்சியின் மூன்று படிகளாக்குகின்றனர். விடியற்கால ஜெபம், உபவாசம், நேர ஒழுங்கு, பண ஒழுங்கு என்று அந்தப் படிகள் விரிகின்றன. பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் நடக்கும் தலைமைத்துவப் பயிலரங்குகள் பெரும்பாலும் இந்த வாசிப்பின் மேல்தான் நிற்கின்றன. தலைவர் முதலில் தம்மை வெல்ல வேண்டும், பிறகே பிறரை நடத்த வேண்டும் என்பது அங்கே கேள்விக்கு அப்பாற்பட்ட பாடம்.

பாடம் தவறென்று நான் சொல்லவில்லை. அதற்கு ஆதாரமாகப் பொதுவிதிகளைக் காட்டுவது தவறு. காரணம், அந்தச் சிறு ஆவணத்தின் முற்பகுதியை விட்டுவிட்டால்தான் அப்படி வாசிக்க முடியும்.

மூன்று விதிகள் ஆவணத்தின் தொடக்கத்தில் வருவதில்லை. சங்கம் எப்படி உண்டாயிற்று என்ற விவரம் முதலில் வருகிறது. அடுத்து, சங்கத்தார் ஏறத்தாழ 12 பேர் கொண்ட வகுப்புகளாகப் பிரிக்கப்படுவதும், வகுப்புக்கு ஒருவர் தலைவராவதும் சொல்லப்படுகின்றன. தலைவரின் கடமைகள் இரண்டு. வாரம் ஒரு முறையாவது தம் வகுப்பிலுள்ள ஒவ்வொருவரையும் கண்டு ஆன்ம நலம் விசாரிக்க வேண்டும், ஏழைகளுக்காக அவர்கள் தர விரும்புவதைப் பெற்றுக்கொள்ள வேண்டும். அதே வாரத்தில் போதகரையும் பொருட்பொறுப்பாளர்களையும் சந்தித்து, நோயாளிகள் யார், ஒழுங்கு தவறியவர்கள் யார் என்று தெரிவித்து, வாங்கிய காசுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். இதற்குப் பிறகுதான் மூன்று விதிகள் வருகின்றன. விதிகளைத் தொடர்ந்து மீறுபவரைக் குறித்து, அவருடைய ஆன்மாவுக்குக் கணக்கொப்புவிக்க வேண்டியவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற அறிவிப்போடு ஆவணம் முடிகிறது. முதலும் முடிவும் கணக்கொப்புவித்தலாக இருக்க, நடுவிலுள்ள பட்டியலை மட்டும் பெயர்த்தெடுத்து 'சுய ஒழுக்கம்' என்று தலைப்பிடுவது எந்த வகையில் நியாயம்?

இந்த அமைப்பு பிறந்த கதையை வெஸ்லியே தம் மக்களைப் பற்றிய விளக்க நூலில் சொல்லியிருக்கிறார். கதை அனைவரும் அறிந்தது. ஆனால் அதிலுள்ள பணத்தின் போக்கை யாரும் ஊன்றிக் கவனித்ததாகத் தெரியவில்லை. 1742 பிப்ரவரியில் பிரிஸ்டலில் கட்டடக் கடனை அடைக்க வழி தேடிக் கூடுகிறார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று ஒருவர் முன்மொழிகிறார். பலர் அதற்கும் வக்கற்றவர்கள் என்று மறுப்பு எழுகிறது. அப்போது முன்மொழிந்தவரே, கேப்டன் ஃபாய் என்பவர், மிக வறியவர்களில் 11 பேரை என் பொறுப்பில் விடுங்கள், அவர்களால் முடியாததை நான் கட்டுகிறேன் என்கிறார். மற்றவர்களும் அவ்வாறே ஏற்கிறார்கள். பென்னி வாங்க வீடு வீடாகப் போனபோது எதிர்பாராதது நடக்கிறது. ஒரு வீட்டில் கணவன் மனைவியோடு சண்டையிட்டுக்கொண்டிருக்கிறான், இன்னொரு வீட்டில் ஆள் குடிபோதையில் இருக்கிறான். செய்தி வெஸ்லியின் காதுக்கு வருகிறது. இத்தனை நாள் தேடியது இதுவே என்று அவர் கண்டுகொள்கிறார்.

ஆக, மெதடிஸ்ட் ஒழுக்கமுறை தனியறை ஜெபத்தில் முளைக்கவில்லை, வசூலில் முளைத்தது. வாசற்படியில் நின்று காசு கேட்டவர் வீட்டின் நிலையைக் கண்ணால் பார்த்ததிலிருந்து அது வளர்ந்தது. வீட்டுச் சந்திப்பு பிறகு ஏன் வகுப்புக் கூட்டமாக மாறியது என்பதற்கும் வெஸ்லி நடைமுறைக் காரணங்களையே தருகிறார். பலர் வேலைக்காரர்களாகப் பிறர் வீட்டில் இருந்தார்கள், எஜமானர்கள் சந்திப்புக்கு இடங்கொடுக்கவில்லை, கொடுத்தாலும் தனித்துப் பேச முடியவில்லை. ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்தால் இருவரையும் நேருக்கு நேர் வைத்துத் தீர்க்கவும் வழியில்லை. லயத்து வீட்டில் தட்டிக்கு அப்பால் பேசுவதெல்லாம் இப்பால் கேட்க வாழ்ந்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான சான்று நியூகாசில் பட்டியல். 1743 மார்ச் மாதம் அங்கே நீக்கப்பட்ட 64 பேரை வெஸ்லி தம் நாட்குறிப்பில் காரணவாரியாக எண்ணுகிறார்: சபித்துப் பேசியதற்கு 2, ஓய்வுநாளை மீறியதற்கு 2, குடிக்கு 17, சாராயம் விற்றதற்கு 2, சண்டைக்கு 3, மனைவியை அடித்ததற்கு 1, வழக்கமான பொய்க்கு 3, பிறரைப் பழித்துப் பேசியதற்கு 4, சோம்பலுக்கு 1, விளையாட்டுத்தனத்துக்கும் அக்கறையின்மைக்கும் 29. ஏறக்குறைய பாதிப் பேர் உள்மனக் குறைக்காகவே நீக்கப்பட்டார்கள், ஆகவே கவலை அகத்தைப் பற்றியதுதான் என்பது வாதம். 29 என்ற எண் கண்ணை உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் ஒருவர் அக்கறையற்றவர் என்று எப்படித் தெரிந்தது? வகுப்புக்கு வராததும், வந்தவர் நடந்துகொண்ட விதமும் யாரோ ஒருவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். நாட்குறிப்பு அதைச் சொல்லவில்லை, எனவே இது ஊகமே. எனினும் 64இல் மற்ற 35 பேரும் அக்கம்பக்கத்தார் கண்டும் கேட்டும் அறியக்கூடிய செயல்களுக்காகவே நீக்கப்பட்டனர் என்பதில் ஊகம் இல்லை. (17 குடிகாரர்கள் இருந்த இடத்தில் மனைவியை அடித்தவர் ஒருவர்தான் என்பதை நான் நம்பவில்லை. பார்த்தவர்களின் கண் எதைப் பார்க்காமல் விட்டது என்பதற்கும் இந்தப் பட்டியல் சான்று.)

இந்த முறைமை மலாயாவுக்கு வந்து சேர்ந்தது அமெரிக்க மெதடிஸ்ட் மிஷன் வழியாக. 1885இல் சிங்கப்பூரில் பணியைத் தொடங்கிய வில்லியம் ஓல்டம் பெங்களூரில் பிறந்தவர், அனுப்பியதும் இந்திய மெதடிஸ்ட் மாநாடுதான். அமெரிக்கத் திருச்சபை 1808 முதலே பொதுவிதிகளை மாநாட்டின் திருத்தத்துக்கு அப்பாற்பட்டவையாக வைத்திருந்தது. ஆகவே ஆவணம் பெரும்பாலும் மாறாமல் வந்தது என்று கொள்ளலாம். ஆனால் அது வந்து சேர்ந்த நிலத்தில் 'தலைவர்' என்னும் இடம் காலியாக இல்லை. தோட்டத்தில் அந்த இடத்தில் கங்காணி இருந்தார்.

கங்காணிக்கும் வகுப்புத் தலைவருக்கும் உள்ள ஒப்புமை துணுக்குறச் செய்வது. இருவரும் ஒரு சிறு கூட்டத்துக்குப் பொறுப்பு. இருவரும் ஆள் எண்ணுகிறார்கள், வராதவரைத் தேடிப் போகிறார்கள், மேலிடத்துக்குத் தகவல் கொடுக்கிறார்கள், காசுக் கணக்கு வைத்திருக்கிறார்கள். கங்காணி தம் ஊரிலிருந்தே ஆள் கட்டிக் கொண்டுவந்தவர், பெரும்பாலும் உறவுக்காரர். துரைக்கு முன் தம் ஆட்களுக்காகப் பேசக்கூடியவரும் அவரே. அமைப்பை மட்டும் பார்த்தால், தோட்டத்திலிருந்து சபைக்கு வந்த தமிழர் வகுப்புத் தலைவரில் ஒரு கங்காணியைக் கண்டிருந்தால் வியப்பில்லை.

வேறுபாடு பணம் ஓடும் திசையில் இருக்கிறது. வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் நாளுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. எண்ணிக்கை கூடினால் அவர் கைக்கு வருவது கூடியது. முன்பணம் கொடுத்துக் கடனில் கட்டிவைத்தவரும் பல இடங்களில் அவரே. பிரிஸ்டலில் நடந்தது நேர் எதிர். தம் கூட்டத்தில் வறியவர் கூடினால் தலைவரின் கையிலிருந்து போவது கூடியது. எண்ணுவது ஒன்றே, எண்ணிக்கையால் யாருக்கு இலாபம் என்பதுதான் வேறு. பொதுவிதிகள் தலைவரிடம் கேட்கும் ஒழுக்கத்தின் அச்சு இதுவே என்பது என் துணிபு. விடியற்காலையில் எத்தனை மணிக்கு எழுகிறார் என்பதைவிட, தமக்குக் கீழே இருப்பவர்களின் எண்ணிக்கையிலிருந்து அவர் எதை எடுக்கிறார், அதற்காக எதை இழக்கிறார் என்பதை அந்த ஆவணம் கவனிக்கிறது.

இந்த ஒப்பீட்டை எந்த மிஷன் அறிக்கையும் செய்யவில்லை, செய்தது நான். கங்காணி முறையில் ஆள் எடுப்பது 1938இல் இந்திய அரசின் தடையோடு முடிந்துவிட்டது, இன்று அதைப் பேசுவானேன் என்று கேட்கலாம். முறை முடிந்தது, தலைமையைப் பற்றிய பழக்கம் முடியவில்லை. சபை நிர்வாகக் குழுக் கூட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பொருளாளர் கடந்த மாதக் காணிக்கைக் கணக்கை வாசிக்கிறார், ஞாயிறு ஆராதனைக்கு வந்தோர் எண்ணிக்கை சொல்லப்படுகிறது, யார் யார் வரவில்லை என்று பேச்சு வருகிறது. போதகர் இந்த மாதம் எந்த வீட்டுக்குப் போனார், அவருக்குக் கடன் உண்டா, வீட்டில் நிம்மதியா என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்பது மரியாதைக் குறைவு. வெஸ்லியின் வகுப்புத் தலைவர் செய்த வேலையை நம்மிடையே உண்மையில் செய்துவருவது மாதர் சங்கத்தார்தான். நோயாளி வீட்டுக்குச் சாப்பாடு எடுத்துப் போய், அடுப்படியில் உட்கார்ந்து, நடந்ததைக் கேட்டறிந்து வருகிறவர்கள் அவர்களே. தலைமைத்துவப் பயிலரங்குகளில் அவர்கள் பேச்சாளர்களாக இருப்பது அரிது.

குடியை விட்டொழிப்பதும் இந்தப் பள்ளத்தாக்கில் தனிமனித உறுதியின் விஷயமாக மட்டும் இருந்ததில்லை. பொதுவிதிகள் மதுவைத் தடுப்பதைச் சுய கட்டுப்பாட்டின் சிறந்த உதாரணமாகக் காட்டுவோர் 1941ஐ நினைவில் கொள்ள வேண்டும். அவ்வாண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தங்களில், கூலி உயர்வோடும், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கத் தேவையில்லை என்ற உரிமையோடும் சேர்த்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்ற கோரிக்கையும் வைக்கப்பட்டது. முன்னணியில் நின்ற ஆர். எச். நாதன் தமிழ் நேசன் இதழின் துணையாசிரியர். அவர் கைதாகி நாடு கடத்தப்பட்டார், போராட்டம் துப்பாக்கிச் சூட்டில் அடக்கப்பட்டது. இது கிறிஸ்தவ இயக்கமல்ல, மெதடிஸ்ட் இயக்கமுமல்ல. ஆனால் குடிக்காதிருக்க முதலில் கடை மூடப்பட வேண்டும், கடை மூட எல்லாரும் சேர வேண்டும் என்று அந்தத் தொழிலாளர்கள் அறிந்திருந்தார்கள். சம்பள நாளில் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை திறந்திருக்கையில், தன்னை வெல் என்ற அறிவுரைக்கு என்ன பொருள்?

ஊழியத்தில் முழு அங்கத்தினராக ஏற்கப்படுவோரிடம் கேட்கப்படும் வெஸ்லியின் பழைய வினாக்களுக்கும் இதே வாசிப்பைப் பொருத்தலாம். நேரத்தை வீணாக்காதே, சொன்ன வேளையில் சொன்ன வேலையைச் செய் என்பன அங்கே உள்ளன, மறுக்கவில்லை. ஊழியத்துக்கு இடையூறாகும் அளவுக்குக் கடன் இருக்கிறதா என்ற கேள்வியும் உள்ளது. அது மனத்துக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வியல்ல, மாநாட்டில் எல்லார் முன்னிலையிலும் கேட்கப்படுவது. வட்டி முதலைகளின் தொலைபேசி எண் விளக்குக் கம்பங்களில் ஒட்டப்பட்டிருக்கும் நகரத்தில் இதைவிடக் கூர்மையான தலைமைத்துவ வினா எனக்குத் தெரியவில்லை. ஆண்டுதோறும் எல்லாப் போதகரிடமும் கேட்டால் என்ன?

சில மறுப்புகளைச் சுருக்கமாகவே பார்க்கலாம். 1885க்குள் அமெரிக்காவிலேயே வகுப்புக் கூட்டங்கள் தளர்ந்துவிட்டன என்பது உண்மை. நடைமுறை தளர்ந்ததால் ஆவணத்தின் பொருள் மாறிவிடாது. மானத்தைப் பெரிதெனக் கொள்ளும் தமிழர் இப்படிக் கேள்வி கேட்கவோ கேட்கப்படவோ இடங்கொடார் என்பது இன்னொன்று. நம் குடும்பங்களில் ஒரு கல்யாணப் பேச்சு நடப்பதைப் பார்த்தவர் இதைச் சொல்ல மாட்டார். அபிஷேகம் பெற்றவரைத் தொடக்கூடாது என்று தாவீது சவுலை விட்டுவைத்ததை எடுத்துக்காட்டுவோருக்கு, அதே தாவீதின் முன் நாத்தான் வந்து நின்ற அதிகாரமும் அதே வரலாற்றில்தான் இருக்கிறது.

கடுமையான மறுப்பு ஒன்று உண்டு. நியூகாசிலில் 64 பேரை விலக்கிய வெஸ்லியை விசாரித்தவர் யார்? யாருமில்லை. இறுதிவரை தம் இயக்கத்தின் கேள்வி கேட்கப்படாத அதிகாரியாகவே அவர் இருந்தார். எல்லாரையும் கணக்குக் கேட்ட முறையைத் தந்தவர் அம்முறைக்கு வெளியே நின்றார் என்பது என் வாசிப்புக்குப் பாதகமானதே. ஆனால் அவர் விட்ட இடைவெளியைத் திருச்சபை அப்படியே காக்கவில்லை. அமெரிக்க மெதடிஸ்ட் பேராயர் பதவி வாழ்நாள் பதவியாக நீடித்தபோதும், 1968இல் தன்னாட்சி பெற்ற திருச்சபையின் வழியில் வந்த மலேசிய மெதடிஸ்ட் திருச்சபை தன் பேராயரை நான்காண்டுத் தவணைக்கே தேர்ந்தெடுக்கிறது. 2020இல் டி. ஜெயக்குமார் பேராயரானதும் அந்த முறையில்தான். தவணை முடிந்ததும் பதவியை விட்டு இறங்க வேண்டியிருப்பது, பேராயருக்கும் பொருந்தும் ஒரு வகை விசாரணை. அதைச் சபை அளவில், மாதந்தோறும் கூடும் நிர்வாகக் குழுவின் நிகழ்ச்சி நிரலில், காணிக்கைக் கணக்குக்கு அடுத்த இடத்தில் எப்படிச் சேர்ப்பது என்பதுதான் இனி பேசப்பட வேண்டியது.