கொசுவைப் பழித்த காலம்: நிப்பா நச்சுயிரியின் வரலாறு

'வைரஸ்' என்பது நஞ்சைக் குறிக்கும் இலத்தீன் சொல். அதனை நச்சுயிரி என நாம் வழங்குகிறோம். சொல்லின் முற்பகுதி பொருத்தமே, பிற்பகுதிதான் வழக்கிற்குரியது. உயிரணுவுக்கு வெளியே அது உண்பதுமில்லை, வளர்வதுமில்லை. பாக்டீரியா தானே இரண்டாகப் பிளந்து பெருகும். நச்சுயிரி பெருகுவதற்கோ பிறிதோர் உயிரணுவின் பட்டறை வேண்டும். இஃது ஏட்டறிவு மட்டுமன்று என்பதை நம் நாடு 1999-இல் கண்டது.

1998 செப்டம்பர் இறுதியில், ஈப்போவை அடுத்த பன்றிப் பண்ணைகளில் உழைத்தோர் காய்ச்சலும் மூளையழற்சியும் கண்டு வீழ்ந்தனர். சிலருடைய இரத்தத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலின் அறிகுறிகள் இருந்தமையால், நோய் அதுவே எனக் கொள்ளப்பட்டது. கொசு மருந்து அடித்தனர், தடுப்பூசி போட்டனர். நோயோ நிற்கவில்லை. விற்கப்பட்ட பன்றிகளோடு நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக் வரை சென்றது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவரைப் பற்றுவது. இங்கே மாண்டவரோ பன்றிகளைத் தொட்டு உழைத்த பெரியவர்கள். ஊசி போட்டுக்கொண்டவர்க்கும் நோய் வந்தது. பன்றிகளும் இருமி மடிந்தன. கொசு தொழில் கேட்டுக் கடிப்பதில்லையே!

விடை பிரிக்பீல்ட்ஸுக்கு அண்மையிலுள்ள லெம்பா பந்தாயில், மலாயாப் பல்கலைக் கழக ஆய்வுக்கூடத்தில் கிடைத்தது. 1999 மார்ச்சுத் தொடக்கத்தில் டாக்டர் சுவா காவ் பிங், நோயாளியின் தண்டுவட நீரைக் குரங்கின் சிறுநீரக உயிரணுக்களில் இட்டு வளர்த்தார். அவ்வுயிரணுக்கள் ஒன்றோடொன்று இணைந்து, பல கருக்கள் கொண்ட பெருந்திரள்களாயின. ஜப்பானிய நச்சுயிரியின் இயல்பு இதுவன்று. பின்னர் அமெரிக்காவில் எலக்ட்ரான் நுண்ணோக்கியின்கீழ் வைத்துப் பார்த்தபோது, தட்டம்மைக் குடும்பத்தின் உருவம் தெரிந்தது.

உயிரணுக்கள் ஏன் இணைந்தன? நச்சுயிரியின் பெருக்க முறையே காரணம். அதன் மேலுறையிலுள்ள ஒரு புரதம் உயிரணுவைப் பற்றும்; மற்றொன்று இரு உறைகளையும் இணைத்து வழி திறக்கும். உள்ளே நுழைவது ஏறத்தாழ 18,000 எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ. இழை ஒன்று. ஜப்பானிய நச்சுயிரியின் இழையை உயிரணு நேரே படித்துவிடும். நிப்பாவின் இழையோ, அச்சகத்து ஈய எழுத்தைப் போல இடவலம் மாறியது, அச்சிட்டாலன்றிப் படிக்கவியலாது. ஆகவே அது தன் அச்சுக்காரனாகிய நொதியையும் உடன்கொண்டே வருகிறது. படிகள் உருவானபின், உயிரணுவின் பட்டறையே புதிய புரதங்களைச் செய்துகொடுக்கிறது. அவற்றுட் சில உயிரணுவின் புறத்தே முளைத்து, அண்டையிலுள்ள உயிரணுவையும் பற்றி இணைத்துவிடுகின்றன. ஆய்வாளர் குடுவையில் கண்டது இச்செயலையே.

எதிரி இன்னதெனத் தெரிந்ததும் போரின் முறை மாறிற்று. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன, நோய் நின்றது. அதற்குள் மலேசியாவில் 265 பேர் நோயுற்று, 105 பேர் மாண்டிருந்தனர். பிழையான பெயரொன்று ஐந்து திங்களுக்கு மேல் நிலைத்ததன் விலையும் அதில் அடங்கும் என்றே கருதுகிறேன்.

சுங்கை நிப்பா என்னும் ஊரின் பெயரே நச்சுயிரிக்கு இடப்பட்டது. நிப்பா என்பது கழிமுகச் சேற்றில் வளரும் பனைவகை. நோயின் ஊற்று பழந்தின்னி வௌவால். தியோமான் தீவில் அவற்றின் சிறுநீரிலிருந்தே நச்சுயிரியைப் பிரித்தெடுத்தனர். பண்ணையருகே நின்ற பழமரங்களில் வௌவால் கடித்துப் போட்டதைப் பன்றி தின்றிருக்க வேண்டும். 2018-இல் கோழிக்கோட்டுப் பகுதியில் இதே நச்சுயிரி தோன்றியபோது, இடையில் பன்றி இல்லை. மனிதரிடமிருந்தே மனிதருக்குப் பரவியது.