பாண்: ஒரு சொல்லின் சமூக வரலாறு

சொற்பிறப்பைக் காட்டிவிட்டாற் சொல்லின் வரலாறு முடிந்தது எனக் கருதும் போக்கு நம் மொழியாய்வில் வலுவாகவே உள்ளது. 'பாண்' என்பதன் பிறப்பிற் சிக்கலேதுமில்லை. இலத்தீன் 'பானிஸ்' வழிவந்த போர்த்துக்கேயச் சொல் அது. பழந்தமிழிற் பாட்டைக் குறிக்கும் 'பாண்' உருவத்தால் மட்டுமே ஒத்தது. தமிழகத்தார் ரொட்டி என்பதை ஈழத்தார் பாண் என்பர். இங்கு ரொட்டியோ மாவும் தேங்காய்ப்பூவும் பிசைந்து சுடுவது.

மட்டக்களப்பிற் போர்த்துக்கேயர் 1628இற் கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தரிடம் இழந்தனர். அவர்தம் மொழியின் கிரியோல் வடிவம் மட்டக்களப்புப் பறங்கியரிடையே இன்றும் எஞ்சியுள்ளது. எனினும், சிங்களத்திலும் வழங்கும் இச்சொல்லை அப்பத்தாண்டுகளோடு மட்டும் பிணைப்பது பொருந்தாது. தமிழரும் சோனகரும் அயலவராய் வாழும் ஏறாவூரில் இதனை 'இறாத்தல்' கணக்கிற் கேட்கின்றனர். அவ்வளவைப் பெயரோ அரபு மூலமுடையது. போர்த்துக்கேயத்திலும் அதன் திரிபு உண்டு.

கோதுமை இம்மண்ணில் விளைவதன்று. ஆகவே பாண் நெடுங்காலம் கோட்டைக்கும் நகருக்கும் உரிய உணவாகவே இருந்தது. 1942இற் பர்மா யப்பானியர் வசமாக, அரிசி வரத்து நின்றது. பங்கீடும் கோதுமை மாவும் ஒருங்கே வந்தன. பங்கீட்டரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமானபோது, 1953 ஆகஸ்டில் நாடே ஹர்த்தாலில் இறங்கியது. 1973-74இல் மக்கள் பாணுக்கு வரிசையில் நின்றனர். 1980இல் திருகோணமலையில் பிறீமா ஆலை மாவரைக்கத் தொடங்கியது.

ஏறாவூர்ப் பற்று நெல்வயற் பிரதேசம். நெல் விளையும் ஊரில் ஏன் பாண்? விடை சொல்லிலன்று, வயலுடைமையிலுள்ளது. போடியாரின் வயலில் உழைக்கும் முல்லைக்காரன் பட்ட கடனுக்குக் களத்திலேயே நெல்லை அளந்துவிட்டால், விதைப்புக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட மாதங்களில் அரிசியை விலைக்கு வாங்கவேண்டியவனாகிறான். "இண்டைக்குப் பாண்தான்" என்னும்போது அந்தத் 'தான்' சுமக்கும் பொருளை எவ்வகராதியும் தருவதில்லை. சம்பளக்காரர் வீட்டில் அதே பாண் வெண்ணெயோடு காலையுணவாகிறது. அங்கே 'தான்' இல்லை. ஒலியால் ஒன்றான சொல் வர்க்கத்தால் இரண்டாகிவிட்டது.

2021இல் இரசாயன உரத் தடையால் அடுத்த பெரும்போக விளைச்சல் வீழ்ந்தது. 2022இல் அந்நியச் செலாவணி வற்ற, மாவின் விலை ஏறிப் பாணின் விலையும் ஏறியது. சோற்றுக்கு மாற்றாயிருந்த பாணும் சோற்றோடு சேர்ந்தே எட்டாததாயிற்று.