பன்னிரண்டாம் கட்டை எங்கே இருக்கிறது?

"தாத்தா எங்க பாட்டி ரோட்டு வேலை செஞ்சாரு?" என்று கேட்டால் பாட்டி ஊர்ப் பெயர் சொல்லமாட்டார். "பன்னெண்டாங் கட்டையில" என்பார். எங்கிருந்து பன்னிரண்டு என்று கேட்டால், "எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்று முடித்துவிடுவார்.

ஆங்கிலேயர் காலத்து மலாயா சாலைகளில் மைலுக்கு ஒரு கல் நட்டிருந்தார்கள். மலாய்க்காரர்கள் அதை 'பத்து' என்றார்கள், அதாவது கல். நம்மவர்கள் 'கட்டை' என்றார்கள். தூரம் காட்ட நட்ட கல் போகப்போக ஊருக்கே பெயராகிவிட்டது. செராஸில் இன்றைக்கும் 'பத்து 9' இருக்கிறது. 1970களில் நாடு கிலோமீட்டருக்கு மாறியது. அந்தப் பெயர் மாறவில்லை.

எங்கள் பாலோ பெரிய சாலையில் இல்லை. 1909இல் கேமாஸிலிருந்து ஜொகூர் பாருவரை முழுமையான ரயில் பாதையில்தான் இருக்கிறது. காரில் கிளம்பினால் யோங் பெங் போய்த்தான் பழைய முதலாம் எண் கூட்டரசு சாலையைப் பிடிக்க வேண்டும். ஜொகூர் பாரு, ஆயர் ஹீத்தாம், யோங் பெங், லாபிஸ், சிகாமட் என்று ஊர் ஊராக நுழைந்து கோலாலம்பூர் போகிற சாலை அது.

இந்த மாதிரிச் சாலைகளையும் ரயில் பாதைகளையும் போட்டவர்களில், பிறகு பராமரித்தவர்களில், தமிழர்கள் ஏராளம். தாத்தா பொதுப்பணி இலாகாவில் இருந்தார். புல் வெட்டுவது, காவாய் தோண்டுவது, குழிக்குத் தார் ஊற்றுவது. சின்ன வயதில் எனக்கு அது கூலி வேலையாகத்தான் தெரிந்தது. பல்கலைக்கழகத்தில் சாலைப் பொறியியல் படித்தபோதுதான் புரிந்தது: சாலையைக் கெடுப்பது லோரி மட்டுமில்லை, தண்ணீரும்தான். அடித்தளத்தில் நீர் இறங்கினால் மண் இளகும், அப்புறம் மேலே எவ்வளவு தார் போட்டாலும் நிற்காது. ஜான் மெக்காடம் இருநூறு வருஷத்துக்கு முன்பே சொன்னது இதைத்தான். தாத்தா அதைப் படிக்கவில்லை. காவாயை மட்டும் அடைக்க விடவில்லை.

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமையாகத் திறந்தது. தாய்லாந்து எல்லையிலிருந்து ஜொகூர் பாருவரை 772 கிலோமீட்டர். எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தீபாவளிக்கு நானும் அதில்தான் ஊருக்கு வருகிறேன். ஆனால் அது ஊருக்குள் நுழைவதில்லை. முன்பு எல்லா வண்டியும் நின்று போன ஆயர் ஹீத்தாமின் பீங்கான் கடைகளுக்கு இப்போது வேண்டுமென்றே வெளியே இறங்கித்தான் போக வேண்டும். நெடுஞ்சாலையிலும் கிலோமீட்டர் பலகைகள் இருக்கின்றன. அந்த எண்களை நாம் கேள்விப்படுவது பெரும்பாலும் விபத்துச் செய்தியில். அங்கே யாரும் குடியிருப்பதில்லை.

போன மாதம் யோங் பெங்கிலிருந்து லாபிஸ் பக்கமாக 19.3 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு மைல் கணக்கு. இரண்டு பக்கமும் செம்பனை. கல் எதுவும் கண்ணில் படவில்லை. தொடங்கிய இடம் தெரியாத தூரம் ஒரு இடத்தைக் காட்டாது என்பது எனக்குத் தெரியாத விஷயமா என்ன? இருந்தும் படம் எடுத்து வந்து பாட்டியிடம் காட்டினேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இது இல்லடா. அங்க ரோடு இறக்கமா போவும். கீழ ஒரு சின்னப் பாலம். மழை வந்தா தாத்தா ராத்திரியில எழுந்து அங்கதான் போவாரு."

இதை இத்தனை வருஷத்தில் நான் கேட்கவே இல்லை. அடுத்த விடுமுறைக்குக் குளுவாங் பக்கம் போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். பாட்டியையும் முன் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு.